பதினைந்து வயதில் கஞ்சா: நம் பையன்களிடம் என்னதான் சொல்வது?

சிப்புட்காரன்

வணக்கம். சுங்கை சிப்புட்டில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறைக்கு வரும் பையன்களில் பாதிப் பேர் மூன்றாம் படிவம், நான்காம் படிவம். முன்பெல்லாம் சிகரெட்டையே ஒளித்துப் பிடிப்பார்கள். இப்போது கஞ்சாவைப் பற்றி என் முன்னாலேயே பேசுகிறார்கள். "அண்ணே, அது செடிதானே, சம்சு சாராயம் மாதிரி ஈரலைத் தின்னாது" என்கிறான் ஒருவன். "தாய்லாந்தில் கடை போட்டே விற்கிறார்கள்" என்கிறான் இன்னொருவன்.

பெரியவர்கள் பக்கம் இரண்டே பதில்தான். ஒன்று, "பிடிபட்டால் தூக்கு". இன்னொன்று, கன்னத்தில் அறை. பையன் இரண்டையும் வாங்கிக்கொண்டு செம்பனைக் காட்டுக்குள் போய் இழுக்கிறான். ஒரு சிகரெட் அளவு இழுத்ததற்காக யாரையும் தூக்கில் போட்டு அவன் பார்த்ததில்லை. அதனால் நாம் சொல்லும் மற்ற எதையும் அவன் நம்புவதில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: இந்த வயதில் இழுத்தால் உண்மையில் என்ன ஆகும்? சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். கட்சிப் பேச்சு வேண்டாம்.

தோட்டத்துராஜா

தம்பி, நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வரிசையில் சம்சு எத்தனை குடும்பத்தைக் குடித்தது என்று எனக்குத் தெரியும். சம்பள நாளன்று பெண்கள் பெரட்டுக்களத்திலேயே காத்திருப்பார்கள், காசு வீட்டுக்கு வருவதற்குள் கடைக்குப் போய்விடக்கூடாது என்று. 2018ல் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த சாராயத்தால் எத்தனை சாவு! கஞ்சாவால் அப்படிக் கூட்டம் கூட்டமாகச் செத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சித்த மருத்துவத்தில் அதற்கு இடம் இருக்கிறது. சிவமூலிகை என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். கனடா 2018லேயே அனுமதித்துவிட்டது. அவர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிட்டது? பையன்கள் இழுக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைப் பேயாகக் காட்டுவது சரியில்லை.

மாலா_தாதி

மனநலப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்த தாதி நான். ராஜா அண்ணன் சம்சுவைப் பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் சம்சு கெட்டது என்பதால் கஞ்சா நல்லதாகிவிடாது. நாற்பது வயதுக்காரர் இழுப்பதும் பதினான்கு வயதுப் பையன் இழுப்பதும் ஒன்றல்ல. நான் பேச வந்தது அந்த வயதைப் பற்றி மட்டும்தான்.

மூளை வளர்ந்து முடிய ஏறக்குறைய 25 வயது ஆகிறது. கடைசியாக முதிர்வது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி. யோசித்து முடிவெடுப்பது, ஆசையை அடக்குவது, நாளைக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போடுவது, எல்லாம் அங்கேதான். நம் உடம்பே கஞ்சாவைப் போன்ற ஒரு பொருளைத் துளித்துளியாகச் சுரக்கிறது. நரம்புகள் எவ்வளவு பேசிக்கொள்ள வேண்டும், எந்த இணைப்பை வைத்துக்கொண்டு எதைக் கழிக்க வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துவதில் அதற்குப் பங்கு உண்டு. பதின்ம வயதில் இந்தக் கழித்துக்கட்டும் வேலை மும்முரமாக நடக்கும். அந்த நேரத்தில் கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. என்ற பொருள் வெளியிலிருந்து வந்து, அந்தத் துளி உட்கார வேண்டிய ஏற்பிகளில், அதாவது நரம்பில் அதை வாங்கும் இடங்களில், உட்கார்ந்துகொள்கிறது. உடம்பு சுரக்கும் துளி வேலை முடிந்ததும் கரைந்துவிடும். இது மணிக்கணக்கில் நிற்கும்.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 73ல் பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளைப் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து கவனித்தார்கள். கஞ்சாவே தொடாதவர்கள், ஓரிரு முறை மட்டும் தொட்டவர்கள் ஆகியோரில், 26 வயதில் மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம்) வகைக் கோளாறு இருந்தது நூற்றில் 3 பேருக்கு. 15 வயதுக்குள் தொடங்கியவர்களில் நூற்றில் 10 பேருக்கு. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்: 11 வயதிலேயே சில அறிகுறிகள் இருந்த பிள்ளைகளைக் கணக்கில் எடுத்தால் வித்தியாசம் குறைகிறது. அதாவது, ஏற்கெனவே பலவீனம் இருந்த பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். சுவீடனில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களிடம் கேட்டுப் பதிவு செய்து 15 வருடம் கழித்துப் பார்த்தபோது, ஐம்பது முறைக்கு மேல் இழுத்தவர்களுக்கு மனச்சிதைவு ஆறு மடங்கு அதிகமாக இருந்தது.

இழுப்பவர்கள் பெரும்பாலோருக்கு இந்த நோய் வராது. அதனால்தான் பையன்கள் "என் கூட்டாளிக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார்கள். அவன் சொல்வது உண்மைதான். ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல எந்தப் பரிசோதனையும் இல்லை. குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்திருந்தால் அந்தப் பையனுக்கு ஆபத்து கூடுதல். நம் வீடுகளில் அதை யார் பிள்ளைகளிடம் சொல்கிறார்கள்? "சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லை" என்று முடித்துவிடுவோம்.

பால்மரம்

நான் ரப்பர் மரம் சீவியவன். பால்மரத்துக்கு ஐந்து ஆறு வயதாகி, சுற்றளவு 45, 50 சென்டிமீட்டர் வந்த பிறகுதான் கத்தி வைப்போம். அதற்கு முன் வைத்தாலும் பால் வரும். ஆனால் மரம் பருக்காது, பின்னால் விளைச்சலும் இருக்காது. அந்தத் தாதிப் பிள்ளை சொல்வது எனக்கு அப்படித்தான் புரிகிறது.

மாலா_தாதி

சரியாகப் புரிந்துகொண்டீர்கள் ஐயா.

ராஜா அண்ணனுக்கு இன்னொன்று. கனடா அனுமதித்தது, ஆனால் 18 அல்லது 19 வயதுக்குக் கீழே விற்கக்கூடாது. கியூபெக்கில் 21. தாய்லாந்து 2022 ஜூனில் தடையை எடுத்தபோதும் சில நாளிலேயே 20 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்கத் தடை போட்டது. 2025 ஜூனிலிருந்து மருத்துவச் சீட்டு வேண்டும் என்று இறுக்கிவிட்டது. திறந்துவிட்ட நாடுகள்கூடச் சின்னப் பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்தியே வைத்திருக்கின்றன. கஞ்சாச் செடியிலிருந்து பிரித்த சி.பி.டி. என்ற பொருளைக் குழந்தைகளின் கடுமையான சில வலிப்பு நோய்களுக்கு மருந்தாகத் தருகிறார்கள், அமெரிக்கா 2018ல் அனுமதித்தது. அதில் போதை இல்லை, அளவு மருத்துவர் கையில். செம்பனைக் காட்டில் இழுப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

அண்ணன்_ஒருவன்

இதைப் பற்றி வெளியில் பேசியதில்லை. பெயர் போடாமல் எழுதுகிறேன்.

என் தம்பி பதினாறில் தொடங்கினான். பள்ளி முடிந்ததும் கூட்டாளிகளோடு ஆற்றங்கரை. முதல் வருடம் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, அதிகம் தூங்குகிறான் என்று மட்டும் நினைத்தோம். அப்புறம் பந்து விளையாடப் போவதை நிறுத்தினான். குளிக்கச் சொன்னால் கோபம். எஸ்.பி.எம். தேர்வு எழுதப் போனான், பாதியில் எழுந்து வந்துவிட்டான்.

ஒரு நாள் அவன் அறைக்குள் போனேன். கைத்தொலைபேசியின் கேமரா மேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தான். மின்விசிறியின் மூடியைக் கழற்றி உள்ளே பழைய துணியைத் திணித்திருந்தான். ஜன்னல் இடுக்கில் செய்தித்தாள். "பக்கத்து வீட்டு டிவியில் என் பேரைச் சொல்கிறார்கள், உனக்குக் கேட்கவில்லையா?" என்றான். நான் காது கொடுத்துக் கேட்டேன். பக்கத்து வீட்டில் ஆளே இல்லை, ஊருக்குப் போயிருந்தார்கள்.

அம்மா செய்வினை என்றார். தெரிந்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். பூசாரி கயிறு கட்டினார், எலுமிச்சம்பழம் அறுத்தார். இன்னொரு ஊரில் சாமியாடி ஒருவர் நாற்பத்தெட்டு நாள் விரதம் சொன்னார். அதற்குள் தம்பி சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்று அம்மா கையால் சாப்பிடுவதை விட்டுவிட்டான். பிறகு ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தோம். மாதப் பணம் வாங்கிக்கொண்டு அங்கே அவனைக் கட்டிப் போட்டு அடித்திருக்கிறார்கள், பார்க்கப் போனபோது மணிக்கட்டில் தழும்பு. டாக்டர் என்று ஒருவர்கூட அந்த இல்லத்துக்கு வந்ததில்லை.

கடைசியில் தோட்டத்து கிராணிதான் எங்களைத் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். மருந்து ஆரம்பித்த சில வாரத்தில் சத்தம் குறைந்தது என்று அவனே சொன்னான். இப்போது செம்பனை ஆலையில் எடைப் பாலத்தில் வேலை. மாதா மாதம் ஊசி. கஞ்சாவைத் தொடுவதில்லை. பழைய தம்பி முழுதாகத் திரும்பி வந்துவிட்டான் என்று சொல்ல மாட்டேன். கணக்கில் புலியாக இருந்தவன், இப்போது ரசீது எண்ணை இரண்டு தடவை சரிபார்க்கிறான்.

கஞ்சா இல்லாமலும் அவனுக்கு இது வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். எனக்கு அது புரிகிறது. ஆனால் அவனோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்த பையன்களின் தம்பிமார்கள் இப்போது அதே இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

தோட்டத்துராஜா

தம்பி, படித்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் எழுத வரவில்லை. உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். மருந்தை நிறுத்தாமல் பார்த்துக்கொள்.

சம்சுவைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. அதையும் யாராவது தனி இழையில் பேச வேண்டும்.

செல்வி_ஆசிரியை

இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை எல்லோருக்கும் தெரிந்த பிள்ளையாக இருந்தவன், இங்கே வந்ததும் ஆயிரம் பேரில் ஒருவனாகிவிடுகிறான். மலாய் பழக்கும் புதுமுக வகுப்பிலிருந்தே மொழி தடுக்கிறது, பின்வரிசைக்குப் போகிறான். அங்கே அவனை "வா மச்சான்" என்று கூப்பிடுவது யார் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். போதைப்பொருள் எதிர்ப்புச் சுவரொட்டிகளில் இதைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று வேப் என்ற மின்சிகரெட். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதை 2024 அக்டோபரிலிருந்து சட்டமே தடுக்கிறது, ஆனாலும் பையில் இருக்கிறது. உள்ளே இருக்கும் திரவத்தில் என்ன கலந்திருக்கிறது என்று இழுப்பவனுக்கே தெரியாது. "காளான்" என்று பெயர் சொல்லி விற்கும் சிலவற்றில் இருப்பது காளானும் இல்லை, கஞ்சாவும் இல்லை, ஆய்வுக்கூடத்தில் தயாரித்த ரசாயனம். இதைப் பற்றி மாலா சொன்னால் நல்லது.

மாலா_தாதி

ஆமாம், செயற்கைக் கஞ்சா. டி.எச்.சி. அந்த ஏற்பிகளை ஓரளவுதான் தூண்டும். இந்த ரசாயனங்களில் பல முழு வேகத்தில் தூண்டும். வலிப்பு, நெஞ்சு படபடப்பு, ஆளை அடையாளம் தெரியாத வெறி, எல்லாம் வரலாம். வழக்கமான சிறுநீர்ச் சோதனையில் இது தெரியாமல் போவதும் உண்டு. "சோதனையில் ஒன்றுமில்லை" என்ற சீட்டைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள்.

பழக்கமாகுமா என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இழுத்துப் பார்த்தவர்களில் பத்துக்கு ஒருவர் என்ற அளவில் அதிலிருந்து மீள முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். பதின்ம வயதில் தொடங்கினால் ஆறு பேருக்கு ஒருவர். விடும்போது எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை இரண்டு வாரம் போல இருக்கும். முதல் வாரம்தான் கடினம். அந்த நேரத்தில் பையன் தட்டைத் தூக்கி எறிந்தால் திமிர் என்று அடிக்காதீர்கள்.

வக்கீல்_கிள்ளான்

சட்டத்தைக் கேட்டிருந்தீர்கள். மலேசியாவில் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம்தான் அடிப்படை. சிறுநீரில் போதைப்பொருள் உறுதியானால் 15ஆவது பிரிவு: 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டு வருடம் வரை சிறை. அதற்கு மேல் இரண்டிலிருந்து மூன்று வருடக் கண்காணிப்பு. கையில் சிறிதளவு கஞ்சா இருந்தால் 6ஆவது பிரிவு, ஐந்து வருடம் வரை. 20 கிராமைத் தொட்டால் குறைந்தது இரண்டு வருடச் சிறை, பிரம்படியும் சேரும். 50 கிராம் என்றால் குறைந்தது ஐந்து வருடம், பத்துப் பிரம்படி. 200 கிராம் என்றால் கடத்துகிறான் என்று சட்டமே அனுமானிக்கும். கடத்தலுக்குக் கட்டாயத் தூக்கு 2023 ஜூலையோடு போய்விட்டது, ஆனால் மரண தண்டனை போகவில்லை, நீதிபதியின் முடிவில் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே என்றால் சிறுவர் நீதிமன்றம், அங்கே தண்டனை முறை வேறு.

பையன்களுக்கு இவ்வளவு எண்ணும் தேவையில்லை. இதை மட்டும் சொல்லுங்கள்: "மச்சான், இந்தப் பையைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்" என்று யாராவது கொடுத்தால் வாங்காதே. உன் வசம் இருக்கும் பையில் போதைப்பொருள் இருந்தால், அது உன்னுடையது, என்னவென்று உனக்குத் தெரியும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது நீதான். நான் பார்த்த இளைஞர்களில் பலர் இப்படித்தான் உள்ளே வந்தார்கள். வீட்டுப் பின்னால் செடி வைப்பது விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு: பயிரிடுவதற்கு ஆயுள் சிறை.

ராஜ்_ஜொகூர்

நான் சிங்கப்பூரில் வெல்டிங். எங்கள் ஊர்ப் பையன்களின் கனவும் அதுதான். தொடர்ந்து இழுப்பவன் விட்ட பிறகும் வாரக்கணக்கில் சிறுநீரில் காட்டும், அங்கே எல்லையிலேயே சோதிக்கலாம். அங்கே 500 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்கு, இன்றைக்கும்.

மீனா_ஆர்

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா மகனுக்குப் பதினேழு வயது. வேப் பிடிப்பது தெரியும், கஞ்சாவும் உண்டு என்று அவன் தங்கை சொல்கிறாள். சில வாரமாக இரவில் தூங்குவதில்லை. ரோட்டில் போகிறவர்கள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்கிறான். அந்த அண்ணன் எழுதியதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. அம்மா குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு பூசை போட வேண்டும் என்கிறார். அக்காவுக்கு, ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வருமோ, பைத்தியம் என்று பேர் வந்துவிடுமோ என்று பயம். என்ன செய்வது?

மாலா_தாதி

மீனா, பூசை போடட்டும், தடுக்காதீர்கள். ஆனால் ஆஸ்பத்திரியைப் பூசைக்குப் பிறகு என்று தள்ளாதீர்கள். இந்த நோயில் மருந்தில்லாமல் போகும் ஒவ்வொரு மாதமும் பின்னால் தேறுவதைக் கடினமாக்கும். சீக்கிரம் வந்த பிள்ளைகள் திரும்பப் படிக்கப் போவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நேராகத் தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போக வேண்டியதில்லை. பக்கத்து அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள், ஒரு ரிங்கிட்தான். "தூக்கமில்லை, யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்கிறான், வேப்பும் கஞ்சாவும் பழக்கம்" என்று இந்த மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். அங்கிருந்து மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். கஞ்சாவால் மட்டும் வந்ததாக இருந்தால், நிறுத்தினால் சில நாளிலோ சில வாரத்திலோ அடங்கிவிடவும் கூடும். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது மருத்துவர்.

அவனிடம் "உனக்குப் பைத்தியம்" என்றும் சொல்லாதீர்கள், "அப்படி யாரும் பேசவில்லை" என்று வாதாடவும் வேண்டாம். "தூக்கமில்லாமல் கஷ்டப்படுகிறாய், தூக்கத்துக்கு மருந்து வாங்கலாம் வா" என்று கூப்பிடுங்கள். தூக்கம் அவனுக்கும் வேண்டும், அதனால் வருவான். தன்னையோ மற்றவர்களையோ காயப்படுத்துவான் போலிருந்தால் காத்திருக்க வேண்டாம், அவசர எண் 999. யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 15555, மனநல உதவி எண்.

வக்கீல்_கிள்ளான்

மீனா, தானாக முன்வந்து சிகிச்சை கேட்பதற்கு, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை, மறுவாழ்வு பற்றிய 1983ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஏஏடிகே (தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனம்) நிலையங்களில் அப்படி வருகிறவர்களுக்கென்று தனித் திட்டமும் உண்டு. போலீசுக்குப் பயந்து மருத்துவரைத் தவிர்க்காதீர்கள்.

மீனா_ஆர்

அக்காவிடம் பேசிவிட்டேன். நாளைக் காலை கிளினிக், வெள்ளிக்கிழமை கோயில். அவனும் தூக்க மருந்துக்கு என்றால் வருகிறேன் என்கிறான். அவன் இழுக்கும் வேப்பையும் எடுத்துக்கொண்டு போகட்டுமா, டாக்டர் பார்த்தால் என்ன கலந்திருக்கிறது என்று தெரியுமே?

வக்கீல்_கிள்ளான்

வேண்டாம். அதை உங்கள் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போகாதீர்கள், மேலே நான் சொன்ன அனுமானம் உங்களுக்கும் பொருந்தும். உறையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

மாலா_தாதி

படம் போதும். அவனுடைய அடையாள அட்டை, இப்போது வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறானென்றால் அதன் உறை, இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் போய் எண் எடுத்துவிடுங்கள், திங்கட்கிழமை கூட்டம் அதிகம்.